பாரைத்துறைப் பிள்ளைகள் கடலைப் பிடித்துவைத்த ஞாயிறு

கடலை நிறுத்தத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் அறுபது பேர் இருந்தார்கள். நிறுத்திய கடலை விட்டுவிடு என்று சொன்னால் அவர்களில் ஒருத்தருக்கும் கை வராத நாள் ஒன்று வரும் என்று மட்டும் நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தால் முதலில் அதைத்தான் பழக்கியிருப்போம்.

பலகையில் ‘பாரைத்துறை வட்டார இளையோர் இசைக்குழு’ என்று நீளமாக எழுதியிருந்தாலும் ஊரில் அதற்குப் பெயர் ‘பிள்ளைகள்’ என்பதுதான். அது ஆரம்பித்த கதையே ஒரு கூத்து. யாருக்கோ போகவேண்டிய பெட்டிகள் துறைமுகத்தில் உரியவர் வராமல் கிடந்து ஏலத்துக்கு வந்தபோது, உள்ளே மாதா கோயில் கூரைக்கு ஆகிற மரம் இருக்கிறதென்று நம்பி எங்கள் ஊர்க் கமிட்டியார் அவற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தேங்காய் உடைத்து, ஜெபம் சொல்லி, ஆணியைப் பிடுங்கித் திறந்தால், உள்ளே பஞ்சில் பொதிந்த வயலினும், அதைப் போலவே ஆளுயரத்துக்கு வரும் செல்லோவுமாக வரிசை வரிசையாகப் படுத்திருந்தன. வாங்கியதை எறிய மனமில்லாத ஊர் எங்களுடையது. ரயில்வே பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றிருந்த கஸ்பார் சாரைக் கூப்பிட்டு, பழைய உப்புக் கிட்டங்கியைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்து, எட்டு வயது முதல் இருபத்தொன்று வரை உள்ள பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

இப்படிப்பட்ட குழுக்களில் மற்ற எல்லாருக்கும் சுருதி எடுத்துக் கொடுக்க ஒரு குழல் உண்டாம். அந்தப் பெட்டி மட்டும் ஏலத்தில் வேறு யார் கைக்கோ போய்விட்டது. கஸ்பார் சார் யோசித்துப் பார்த்து, ஐஸ் பேக்டரியின் சங்கைப் பிடித்துக்கொண்டார். மத்தியானம் ஒரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் அந்தச் சங்கு ஊதும்போது பிள்ளைகள் எதை வாசித்துக்கொண்டிருந்தாலும் வில்லைத் தூக்கிவிட வேண்டும், காது கொடுக்க வேண்டும், பிறகு அதே சுருதிக்குக் கம்பியைத் திருக வேண்டும். இது பிள்ளைகளுக்கு எந்த அளவுக்கு ஊறிப்போனது என்றால், வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சங்கு ஊதினாலும் கை தட்டிலிருந்து தானாக மேலே போகும், தாய்மார்கள் தலையில் ஒரு குட்டு வைத்துக் கையைக் கீழே இறக்குவார்கள்.

கஸ்பார் சார் பழக்கிய இன்னொன்று நீளச் சுரம். நோட்டு வைக்கிற ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர் உட்கார்வார்கள். ஒருத்தரின் வில் நுனிக்கு வந்து திரும்புகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவரின் வில் நடுவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இருவரும் சேர்ந்து திரும்பவே கூடாது. அப்படிச் செய்தால் சுரத்தில் தையல் தெரியாது, விடியவிடிய இழுத்தாலும் ஒரே இழையாக நிற்கும் என்றார் சார். இரண்டு வருஷம் தையல் தெரிந்துகொண்டே இருந்தது. மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு அறுபது பிள்ளைகளும் சேர்ந்து ஒரு சுரத்தை இழுக்க, அதில் தையல் தெரியாமல் போக, வெளியே கடல் நின்றுவிட்டது.

அலை ஏறிய இடத்தில் ஏறியபடியே, இறங்கிய இடத்தில் இறங்கியபடியே, நுரை உட்பட நின்றது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த இரைச்சல் திடீரென்று இல்லாமல் போனதால் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். ஒரு நாய் முதலில் கடல்மேல் நடந்துபோனது. அதன் பின்னால் அந்த நாயை வளர்க்கிறவர் போனார். பிள்ளைகள் சுரத்தை நிறுத்தியதும் இருவரும் முழங்கால் ஆழத்தில் விழுந்து நனைந்து திரும்பினார்கள். பங்குச் சாமியார் அடுத்த வாரப் பிரசங்கத்தில், வேதத்தில் பேதுருவே கடல்மேல் நடந்திருக்கிறார், ஆகவே நடப்பது குற்றமில்லை, ஆனால் பூசை நேரத்தில் நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அத்தோடு அந்த விஷயம் வேதப்படி தீர்ந்தது.

மற்றபடி தீர்க்க வேண்டியவை நிறைய இருந்தன. கடல் நின்றால் வள்ளம் நகராது, வலை இறங்காது. தொழிலுக்குப் போனவர்கள் பாதி வழியில் சிமெண்டில் நட்ட மாதிரி நிற்க வேண்டியிருந்ததால் இரண்டு தடவை பெரிய சண்டை வந்தது. கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். கடலுக்குப் போகிற நாளெல்லாம் பிள்ளைகள் வேகமான உருப்படிகளைத்தான் வாசிக்க வேண்டும், மெதுவானதை வாசித்தே ஆக வேண்டுமென்றால் இடையிடையே விட்டுவிட்டு வாசிக்க வேண்டும், நீளச் சுரம் யாரும் தொழிலுக்குப் போகாத ஞாயிறு காலையில் மட்டும். இதனால் எங்கள் பிள்ளைகள் தென்மாவட்டங்களிலேயே வேகத்துக்குப் பேர் போனவர்களாக ஆனார்கள். வெளியூர் விழாக்களில் மெதுவான உருப்படி வரும்போது மட்டும் அறுபது பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். மதுரை நடுவர்கள் அதை ஒழுங்கீனம் என்று எழுதி மதிப்பெண் குறைத்தார்கள்.

ஞாயிறு காலைகள் திருவிழா மாதிரி ஆயின. நின்ற கடல்மேல் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பெண்கள் கருவாடு காயப்போட்டார்கள். பக்கத்து டவுனிலிருந்து ஒரு புரோக்கர் வந்து பிளாட் போட்டுக் கல் வைத்து, இரண்டு பேருக்கு விலையும் பேசி முடித்த நேரத்தில் பிள்ளைகளுக்கு இடைவேளை வந்துவிட்டது. ஓர் அதிகாரி வந்து, நின்ற கடலைப் பெயர்த்துக் கொண்டுபோகப் பார்த்தார், கடப்பாரைதான் வளைந்தது. சின்னப் பிள்ளைகள் குப்புறப் படுத்துக் கீழே பார்ப்பார்கள். வாலை ஒருபக்கம் வீசியபடியே சாளை மீன்கள் நிற்கும், சுரம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து வாலை மறுபக்கம் வீசிக்கொண்டு போய்விடும். ஒரு மீன் செத்து நாங்கள் பார்த்ததில்லை.

இப்படியே பழகிப்போய், இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று நாங்கள் இருந்தபோதுதான் அந்த ஞாயிறு வந்தது.

மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று முந்தின நாளே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. சனிக்கிழமை லாசர் மோத்தாவின் வள்ளத்தில் ஐந்து பேர் போனார்கள், ராத்திரி திரும்பவில்லை. ஞாயிறு மத்தியானம் தாண்டி, கடலடிப் பாறைத் திட்டான பாருக்கு அந்தப்புறம் வள்ளம் தெரிந்தது. என்ஜின் நின்றுபோய், அலைக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு தேங்காய்ச் சிரட்டை போல ஆடியது. கரையிலிருந்து போன இரண்டு வள்ளங்களையும் அலை திருப்பி மணலில் எறிந்தது. அப்போது கிட்டங்கியில் பிள்ளைகளுக்குத் தலைமை ஏற்று நடத்திக்கொண்டிருந்தவள் ஜெசிந்தா. கஸ்பார் சார் காலமான பிறகு அதே குழுவில் வளர்ந்து கோலைக் கையில் எடுத்தவள், வயது இருபத்தாறு. அவள் கரைக்கு ஓடிவந்து ஒரு தடவை பார்த்தாள், திரும்ப ஓடினாள். கோயில் மணி அடித்தது. வீட்டிலிருந்த பிள்ளைகள் சோற்றுக் கையோடு ஓடினார்கள்.

லாசரின் மகள் தெக்லா செல்லோ வாசிக்கிறவள், பதினேழு வயது. அவளோடு ஒரே ஸ்டாண்டில் உட்கார்கிறவன் ஆன்றோ. அவனுடைய அப்பா சிலுவைப்பிச்சையும் அந்த வள்ளத்தில்தான் இருந்தார். கடலைப் பார்த்த பெரிய கதவைத் திறந்துவைத்துவிட்டு, ஜெசிந்தா கதவைப் பார்த்தபடி எதிரே நின்றுகொண்டு கையைத் தூக்கினாள். பிள்ளைகளின் முதுகுதான் கடலைப் பார்த்திருந்தது. “திரும்பாதீங்க. என் முகத்த மட்டும் பாருங்க,” என்றாள். சுரம் எழுந்தது. வள்ளத்தின்மேல் கவிழ வந்த அலை, வீட்டுக் கூரை உயரத்தில், கவிழாமல் நின்றது.

ஐந்து பேரும் வள்ளத்தைவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். ஞாயிறு காலைக் கடல் மாதிரித் தட்டையான கடல் இல்லை அது. கொந்தளித்தபடியே நின்ற கடல், மேடும் பள்ளமுமாகக் கிடந்தது, ஒரு மேட்டில் ஏறி வழுக்கி இறங்கி அடுத்த மேட்டில் ஏற வேண்டியிருந்தது. ஒருத்தருக்குக் கால் முறிந்திருந்ததால் மாற்றி மாற்றித் தூக்கிவந்தார்கள். லாசர் வள்ளத்துக்காரர் என்பதால் கடைசியில் வந்தார். பிள்ளைகள் அதுவரை அரைமணி நேரத்துக்கு மேல் இழுத்ததில்லை. அரைமணி போயிற்று, ஒரு மணி நேரமும் போயிற்று, சின்னவர்களுக்குத் தோள் நடுங்கியது, தாய்மார்கள் பின்னால் நின்று முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்கள், யாரோ ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தார்கள், யாரோ வாயில் சர்க்கரை போட்டார்கள். தெக்லாவின் வில் நுனிக்குப் போகும்போதெல்லாம் ஆன்றோவின் வில் நடுவில் இருந்தது. ஜெசிந்தா மட்டும் அவ்வப்போது, “வந்துக்கிட்டிருக்காவ. பார் தாண்டியாச்சு. அஞ்சு பேரும் தெரியுது,” என்று சொன்னாள்.

அவர்கள் பார் தாண்டி, கரைக்குப் பாதி தூரம் வந்து, கரையில் நின்ற பெண்கள் ஆளுக்கு ஆள் அடையாளம் சொல்லத் தொடங்கிய நேரத்தில், நாலு மணி ஆயிற்று. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று அன்றைக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாயிறு காலைச் சுரம் என்றைக்கும் ஒரு மணிக்கு முன்னால் முடிந்துவிடும், அதனால் சுரமும் சங்கும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஐஸ் பேக்டரியில் சங்கு ஊதியது. அறுபது வில்லும் மேலே போயின.

ஜெசிந்தா போட்ட சத்தத்தில் பிள்ளைகள் திடுக்கிட்டு, மூச்சு விடுகிற நேரத்துக்குள் வில்லைத் திரும்ப வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு மூச்சுக்குக் கடல் அசைந்துவிட்டது. மேடெல்லாம் பள்ளமாகப் புரண்டது, தூரத்தில் நின்ற அலை வள்ளத்தின்மேல் விழுந்து அதைப் பலகை பலகையாக்கியது. மறுபடி கடல் நின்றபோது, நாலு பேர் வெவ்வேறு பக்கம் எறியப்பட்டுக் குப்புறக் கிடந்தார்கள். ஐந்தாவது ஆளைக் காணவில்லை.

ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தே தெக்லாவுக்குத் தெரிந்துவிட்டது.

“யாரு அக்கா? யாரு இல்ல?”

“வாசி, தெக்லா.”

“எங்க அப்பாவா?”

“வாசி பிள்ள, நிறுத்திராத!”

அவள் வாசித்தாள். கண்ணிலிருந்து ஒழுகியது செல்லோவின்மேல் விழ, துடைக்கக் கை இல்லாமல் வாசித்தாள். வில்லைத் தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. அது அவளுக்கு மட்டுமல்ல, அங்கே இருந்த எல்லாருக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. எட்டு வயசுப் பிள்ளைகள்கூட இனி உயிர் போனாலும் வில்லை எடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள்.

கரையில் நின்ற தெக்லாவின் அம்மா கித்தேரி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடல்மேல் நடக்கத் தொடங்கினாள். பிடித்து இழுத்தவர்களை உதறினாள். மேடு ஏறி, பள்ளம் இறங்கி, எதிரே வந்துகொண்டிருந்த நாலு பேரையும் தாண்டிப் போய், ஒவ்வொரு பள்ளத்திலும் குனிந்து கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி போனாள். ரொம்ப நேரம் கழித்து ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். லாசர் ஒரு சாண் ஆழத்தில், முகம் மேலே பார்க்க, கையை மேலே நீட்டியபடி நின்றார். கண் திறந்திருந்தது. வாயிலிருந்து கிளம்பிய குமிழ் ஒன்று மூக்குக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. கித்தேரி தன் உள்ளங்கையை அவர் கைக்கு நேராகக் கடல்மேல் வைத்திருந்தாள்.

துடுப்பால் இடித்துப் பார்த்தார்கள், நங்கூரத்தால் கொத்திப் பார்த்தார்கள், ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. அப்புறம்தான் பேசி முடிவுக்கு வந்தார்கள். கடல் அசைந்தால் ஒழிய அவரை எடுக்க முடியாது. அசைந்தால் அவர் மேலே வரலாம், ஆழத்துக்கும் போகலாம். ஆகவே நீச்சல் தெரிந்த ஆண்கள் கயிறும் மிதவையுமாக அந்த இடத்தைச் சுற்றி வட்டமாக நிற்பது, தயார் ஆனதும் துடுப்பில் சிவப்புச் சட்டையைக் கட்டித் தூக்குவது, அதைப் பார்த்ததும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் நிறுத்துவது. கடல் திரும்ப உயிர் பெறும்போது அத்தனை பேரும் அந்தக் கொந்தளிப்புக்குள்தான் விழ வேண்டும். தெரிந்துதான் போனார்கள். செத்துப் பிழைத்து அப்போதுதான் கரையேறிய சிலுவைப்பிச்சை, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, கிட்டங்கிக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

“தெக்லா, கேளு பிள்ள. ஒங்க அப்பாவப் பாத்துட்டோம். ஒரு சாண் ஆழத்துல நிக்காவ.”

“உசுரு இருக்கா மாமா?”

“மீனுக்கு இருக்காப்புல இருக்கு.”

“எங்க அம்மா?”

“எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேங்கா. எல்லா மேடும் ஒண்ணு போல இருக்கு, எந்திரிச்சா எடம் தவறிப்போவும்ங்கா. மஞ்சக் கேன்ல அவளக் கட்டிருக்கோம்.”

“அம்மைக்கு நீந்தத் தெரியாதே!”

“எங்களுக்குத் தெரியும் பிள்ள. நாங்க இருக்கோம்லா,” என்று சொல்லிவிட்டு, மகன் ஆன்றோவின் தலையைத் தொட்டுவிட்டு, சிலுவைப்பிச்சை மறுபடியும் கடல்மேல் நடந்துபோனார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சிவப்புச் சட்டை உயர்ந்தது. ஜெசிந்தா கையைத் தூக்கி, சுரத்தை முடிக்கிறபடி விரலைச் சுருட்டிக் கீழே இறக்கினாள்.

யாரும் நிறுத்தவில்லை.

மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினாள். அறுபது வில்லும் ஓடிக்கொண்டே இருந்தன. “நிறுத்துங்க! நிறுத்துங்கடா!” என்று கத்தினாள். ஒரு தடவை நிறுத்தி ஓர் ஆளைக் கடலுக்குள் தள்ளிவிட்ட பிள்ளைகள் அவர்கள், இன்னொரு தடவை எப்படி நிறுத்துவார்கள்? ஒவ்வொன்றும் தன் வில்தான் லாசரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தது. பின்னால் நின்ற தாய்மார்களுக்கும் கை வரவில்லை, அவரவர் வீட்டு ஆணும் அங்கேதானே நிற்கிறான். சாமியாரும் கமிட்டியாரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். தூரத்தில் சிவப்புச் சட்டை இறங்கியது, மறுபடி ஏறியது, ஆட்டி ஆட்டிக் காட்டினார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, இன்னும் கொஞ்சம் போனால் யாரையும் தேடி எடுக்க முடியாது.

தெக்லாதான் முதலில் நிறுத்தினாள். வில்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அழுதுகொண்டேதான் நடந்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பிள்ளையிடம் போய், அதன் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகக் கம்பியிலிருந்து விலக்கினாள். அது அவள் முகத்தைப் பார்த்தது. அப்பாவைப் பறிகொடுக்கப் போகிறவளே பிடித்து விலக்கும்போது அது எப்படி மாட்டேன் என்று சொல்லும்? அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசை வரிசையாகப் போனாள். சுரம் மெலிந்து மெலிந்து வந்தது. கடைசியில் ஒரே ஒரு செல்லோ மிச்சம் இருந்தது. பக்கத்தில் ஜோடி இல்லாததால் ஆன்றோவின் வில் திரும்பும்போதெல்லாம் தையல் தெரிந்தது, ஒவ்வொரு தையலுக்கும் வெளியே கடல் ஒரு தடவை நடுங்கியது.

“ஆன்றோ, நிறுத்து.”

“மாட்டேன். எங்க அப்பாவும் அங்க நிக்காவ.”

“தெரியும்.”

“நான் நிறுத்தி ஏதாவது ஆயிட்டுன்னா?”

தெக்லா அவன் கையைப் பிடிக்கவில்லை. அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“நீ புடிச்சிருக்கிற வரைக்கும் எங்க அப்பா மூச்சு விட முடியாது, ஆன்றோ.”

அவன் வில் நுனிக்கு வந்தது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு கம்பியை விட்டு எழும்பியது.

ஒரு நொடிக்கு எதுவுமே கேட்கவில்லை. பிறகு, அத்தனை நேரம் அடக்கிவைத்திருந்ததை ஒரே மூச்சில் விட்டதுபோலக் கடல் எழுந்து விழுந்த சத்தத்தில் கிட்டங்கியின் ஓடுகள் அதிர்ந்தன. பிள்ளைகள் வயலினைப் போட்டது போட்டபடி கரைக்கு ஓடினார்கள். அங்கே பார்ப்பதற்கு வெறும் நுரைதான் இருந்தது. சட்டையும் இல்லை, துடுப்பும் இல்லை, மனுசர்களும் இல்லை. பெண்கள் அவரவர் ஆள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு தலை தெரிந்தது, அப்புறம் இரண்டு, அப்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். சிலுவைப்பிச்சை முழங்காலால் தவழ்ந்து மணலில் ஏறினார், ஆன்றோ அவர்மேல் விழுந்து கட்டிக்கொண்டான். தெக்லா தண்ணீருக்குள் இடுப்பளவுக்குப் போய், வந்த ஒவ்வொரு முகத்தையும் பிடித்துத் திருப்பிப் பார்த்து விட்டாள்.

கடைசியில்தான் மஞ்சள் கேன் வந்தது. கேனில் கட்டிய கயிற்றில் கித்தேரி இருந்தாள். அவள் கை ஒரு கொத்துத் தலைமயிரைப் பிடித்திருந்தது, தலைமயிருக்குக் கீழே ஒரு தலை இருந்தது, மணலில் இழுத்துப் போட்டுக் கவிழ்த்து முதுகில் குத்தியபோது அந்தத் தலை இருமியது. இருமி, வாந்தியெடுத்து, மறுபடி இருமியது. கரையில் இருந்த அத்தனை பேரும் அந்த இருமலுக்கு ஓவென்று அழுதோம்.

கித்தேரியின் விரல்கள் விறைத்துப்போய் விரிக்க வரவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் லாசரின் தலைமயிரை விடுவிக்க வேண்டியிருந்தது. தெக்லா அப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பி, அம்மாவின் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

“நீந்தத் தெரியாம அங்க எதுக்கும்மா உக்காந்திருந்த? ஒனக்குப் பயமே இல்லியா?”

கித்தேரி வாயிலிருந்த மணலைத் துப்பினாள். குளிரில் பல் அடித்துக்கொண்டது.

“கடலுக்கு என்ன பயம்,” என்றாள். “நீ விடமாட்டியோன்னுதான் மக்ளே பயந்துகெடந்தேன்.”